குறட்டைக்கு என்ன வாங்கலாம்னு கேட்கிறதுக்கு முன்னாடி (கடலூர் – புதுவை)

இரவுப்பணி (தூக்கப் பரிசோதனை டெக்னீஷியன், புதுச்சேரி)

மூக்குக் கிளிப், வாய் டேப், காந்த மோதிரம், தாடைப் பட்டி: குறட்டைக்கு எதை வாங்கலாம்னு கேட்கிற கேள்வி இந்த இணைய மன்றத்துல ஓயறதே இல்ல. வாங்கறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்க வேண்டியது ஒண்ணுதான். தூங்கும்போது மூச்சு நிக்குதா, நிக்கலையா?

தூங்கினா தொண்டைத் தசை தளரும். உள்நாக்கு, அண்ணத்தோட பின்பக்கத்து மெத்துச் சதை, நாக்கோட அடிப்பாகம் எல்லாம் பின்னால சரியும். வழி குறுகும். குறுகின வழியில காத்து வேகமா போகும்போது அந்தச் சதை அதிரும். அதுதான் குறட்டை. வழி முழுசா ஒட்டிக்கிட்டா சத்தமே வராது. நெஞ்சும் வயிறும் மூச்சுக்கு இழுத்துக்கிட்டே இருக்கும், காத்து மட்டும் உள்ள போகாது. 10 விநாடியோ அதுக்கு மேலயோ இப்படி நின்னா ஒரு அப்னியா. ஆக்சிஜன் இறங்கும், மூளை ஒரு கணம் விழிச்சு தசையை இறுக்கும், ஒரு திமிறலோட மூச்சு திரும்பும். தூங்கறவருக்கு இது எதுவும் தெரியாது. காலையில தலைவலி, ராத்திரி நாலு தடவை சிறுநீர், பகல்ல கண்ணைச் சொக்கறது, மாத்திரைக்கு அடங்காத பிரஷர்னு வேற வேற பேர்ல வெளிய வரும்.

அதனால பக்கத்துல படுக்கறவங்க கவனிக்க வேண்டியது சத்தத்தை இல்ல, சத்தத்துக்கு நடுவுல வர்ற அமைதியை. போன்ல வீடியோ எடுங்க, வெறும் ஆடியோ போதாது. மல்லாந்து படுத்திருக்கும்போது, நெஞ்சும் வயிறும் தெரியற மாதிரி, விடியக்காலை 4 மணிக்கு மேல ஒரு அரை மணி நேரம். கனவுத் தூக்கம் அந்த நேரத்துலதான் அதிகம், அப்போ தசை இன்னும் தளரும். நெஞ்சு உள்வாங்க வயிறு எழும்பி, ரெண்டும் எதிரெதிரா ஆடினா வழி அடைச்சிருக்குன்னு அர்த்தம்.

கூடவே எட்டு கேள்வி. மூடின கதவு தாண்டிக் கேட்கிற குறட்டையா? பகல்ல அசதியா? மூச்சு நிக்கறதை யாராவது பார்த்திருக்காங்களா? ரத்த அழுத்தம் உண்டா? பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவுன்னு காட்டற எண்) 35க்கு மேலயா? வயசு 50க்கு மேலயா? கழுத்துச் சுற்றளவு 40 செ.மீ.க்கு மேலயா? ஆணா? கழுத்தை தையல்காரர் டேப்பால குரல்வளை மேட்டுக்குக் கொஞ்சம் கீழ அளக்கணும். மூணு "ஆமாம்" வந்தா பரிசோதனைக்குப் போகலாம், அஞ்சு வந்தா தள்ளிப் போடாதீங்க. நம்ம ஊர்ல ஒல்லியா இருக்கறவங்களுக்கும் அப்னியா சாதாரணமா வருது. தாடை உள்வாங்கின முக அமைப்பு இருந்தா எடையே தேவையில்ல.

பெண்களுக்கு இந்தப் பட்டியல் கொஞ்சம் ஏமாத்தும். குறட்டை மெல்லிசா இருக்கும், "தூக்கமே வரல, உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு"ன்னுதான் சொல்லுவாங்க. மாதவிலக்கு நின்ன பிறகு ஆபத்து கூடும். தைராய்டு குறைவுன்னும் ரத்தசோகைன்னும் மட்டும் பார்த்துட்டு விட்டுடறது நிறைய நடக்குது. அதையும் பாருங்க, இதையும் பாருங்க.

---

திருப்பாப்புலியூர்

நல்ல நேரத்துல இழை போட்டீங்க சார். அப்பாவுக்கு வீட்டுலயே ஒரு ராத்திரி மிஷின் கட்டித் தூக்கப் பரிசோதனை எடுத்தாங்க. வயசு 58, பிரஷர் மாத்திரை ரெண்டு. ரிப்போர்ட்ல இருக்கறது: பதிவான நேரம் 6 மணி 20 நிமிஷம். ஏ.எச்.ஐ. 34. மல்லாந்து 52, ஒருக்களிச்சு 14. குறைந்தபட்ச ஆக்சிஜன் 71 சதவீதம். 90க்குக் கீழ இருந்த நேரம் 18 சதவீதம். சென்ட்ரல் 1. "ஒருக்களிச்சுப் படுத்தா போதும்"னு சித்தப்பா சொல்றார். போதுமா?

---

இரவுப்பணி

போதாது. ஏ.எச்.ஐ.ங்கறது ஒரு மணி நேரத்துக்கு எத்தனை தடவை மூச்சு நின்னுச்சு அல்லது குறைஞ்சுதுங்கற சராசரி. 5க்குக் கீழ இயல்பு, 5 முதல் 15 லேசு, 15 முதல் 30 நடுத்தரம், 30க்கு மேல தீவிரம். உங்க அப்பா கணக்கைப் பிரிச்சா மல்லாந்து சுமார் 200 நிமிஷம், ஒருக்களிச்சு 180 நிமிஷம் படுத்திருக்கார். ராத்திரி முழுக்க ஒருக்களிச்சே இருந்தாலும் 14 மிச்சம், அது லேசோட மேல் விளிம்பு. ரெண்டு பிரஷர் மாத்திரை சாப்பிடறவருக்கு அதை விட்டு வைக்க முடியாது.

ஏ.எச்.ஐ.யை விட என்னை யோசிக்க வைக்கறது அந்த 18 சதவீதம். 380 நிமிஷத்துல ஏறக்குறைய 68 நிமிஷம் ஆக்சிஜன் 90க்குக் கீழ. இதயத்துக்கு அடி விழறது அங்கதான்.

இன்னொண்ணு. வீட்டுல எடுக்கற சின்னக் கருவியில மூளை அலை கிடையாது. அவர் தூங்கினாரா, விழிச்சுப் படுத்திருந்தாரான்னு அதுக்குத் தெரியாது, பதிவான மொத்த நேரத்தால வகுக்கும். ஒன்றரை மணி நேரம் புரண்டிருந்தா நிஜ எண் இன்னும் கூட. அதனால வீட்டுப் பரிசோதனையில நல்லா வந்துடுச்சு, ஆனா அறிகுறி பலமா இருக்குன்னா அங்கேயே நிறுத்தாம, ஆய்வுக்கூடத்துல ஒரு ராத்திரி படுத்து முழுப் பரிசோதனை எடுக்கணும். உங்க கேஸ்ல தேவைப்படாது, வீட்டு ரிப்போர்ட்டே தெளிவா இருக்கு.

சென்ட்ரல் 1ங்கறது நல்ல சேதி. அடைப்பு இல்லாம மூளையே மூச்சை நிறுத்தறது சென்ட்ரல். இதயம் பலவீனமானவங்க, மார்ஃபின் வகை வலிமருந்து எடுக்கறவங்ககிட்ட அது கூடுதலா இருக்கும், சிகிச்சையும் வேற.

---

பல்லவன் (பல் மருத்துவர், கடலூர்)

ஒருக்களித்துப் படுப்பதை ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம். லேசான அப்னியா, அதுவும் மல்லாந்தால் மட்டும் வருகிறது என்றால் அதுவே முதல் சிகிச்சை. பனியனின் முதுகுப் பக்கம், தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே ஒரு பை தைத்து டென்னிஸ் பந்து வைப்பது பழைய முறை. வேலை செய்யும், ஆனால் சில வாரங்களில் பலர் பந்தை எடுத்து எறிந்துவிடுவார்கள். முதுகுக்குப் பின்னால் நீளத் தலையணையைக் கட்டிக்கொள்வது இன்னும் சகிக்கக்கூடியது. தலைமாட்டை உயர்த்துவதாக இருந்தால் கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் கட்டை வையுங்கள். தலையணை மேல் தலையணை அடுக்கினால் கழுத்து மடிந்து வழி இன்னும் அடைக்கும்.

என் துறைக்கு வருகிறேன். கீழ்த்தாடையை முன்னால் இழுத்துப் பிடிக்கும் வாய்க்கருவி. தாடை முன்னால் வந்தால் நாக்கும் கூடவே வரும், பின்னால் வழி திறக்கும். லேசு, நடுத்தர அப்னியாவுக்கும், சிபேப் மிஷினை (மாஸ்க் வழியாகக் காற்றழுத்தம் தருவது) தாங்க முடியாத தீவிர அப்னியாக்காரர்களுக்கும் இது பொருந்தும். இணையத்தில் விற்கும், வெந்நீரில் போட்டுக் கடித்து அச்செடுக்கும் ரகம் வேறு, அளவெடுத்துச் செய்வது வேறு. முதல் ரகம் சீக்கிரம் தளர்ந்துபோகும், எவ்வளவு முன்னால் வருகிறது என்பதைக் கட்டுப்படுத்தவும் முடியாது.

அளவெடுத்துச் செய்யும்போது தாடை அதிகபட்சம் எவ்வளவு முன்னால் வரும் என்று முதலில் பார்ப்போம். அதில் பாதி அளவில் தொடங்கி, வாரம் அரை அல்லது ஒரு மில்லிமீட்டராகத் திருகிக் கூட்டுவோம். ஒரேயடியாக இழுத்தால் காதுக்கு முன்னால் உள்ள தாடை மூட்டு வலிக்கும், ஆள் கருவியை மேசை இழுப்பறையில் போட்டுவிடுவார். காலையில் கழற்றியதும் பற்கள் சரியாகப் பொருந்தாதது போல இருக்கும், சிறிது நேரம் மெல்லும் பயிற்சி செய்தால் திரும்பும். வருடக்கணக்கில் போட்டால் கடி நிரந்தரமாகக் கொஞ்சம் மாறலாம். இதை முன்பே சொல்லாமல் கருவி செய்து கொடுப்பது முறையல்ல.

யாருக்கு முடியாது? முழுப் பல்செட் வைத்திருப்பவர்களுக்கு, ஈறு நோயால் பல் ஆடுபவர்களுக்கு, ஒவ்வொரு தாடையிலும் எட்டுப் பல்லாவது உறுதியாக இல்லாதவர்களுக்கு. நம் பக்கத்தில் இன்னொரு கூட்டம்: பல வருடம் ஹான்ஸ், பான் போட்டு வாய் இறுகிப்போனவர்கள். இரண்டு விரல் நுழையாத வாயில் அச்சே எடுக்க முடியாது.

கடைசியாக, பலர் விட்டுவிடும் படி: கருவி சரியான நிலைக்கு வந்ததும் அதைப் போட்டுக்கொண்டே மறுபடி தூக்கப் பரிசோதனை. குறட்டை நின்றுவிட்டது என்று வீட்டில் சொல்வது சான்றாகாது.

---

தொண்டைமான் (காது மூக்கு தொண்டை)

பல்லவனின் கடைசி வரியை என் துறைக்கும் சேர்த்தே படியுங்கள். உள்நாக்கையும் மெத்தண்ணத்தையும் வெட்டிச் சீராக்கும் அறுவை சிகிச்சையை அப்னியாவுக்கென மருத்துவர் ஃபுஜிதா விவரித்தது 1981இல். அதிரும் சதை குறைவதால் சத்தம் பெரும்பாலும் குறையும். ஆனால் நாக்கின் அடிப்பாகத்தில் அடைப்பு இருந்தால் மூச்சு நிற்பது அப்படியே தொடரும், இப்போது சத்தமில்லாமல். வீட்டில் எல்லோரும் நிம்மதியாகத் தூங்குவார்கள், நோயாளியின் ஆக்சிஜன் மட்டும் இறங்கிக்கொண்டிருக்கும். ஆகவே அறுவைக்கு முன் ஒரு பரிசோதனை, காயம் ஆறி மூன்று மாதம் கழித்து இன்னொன்று. இரண்டாவது வேண்டாம் என்று சொல்லும் இடத்தில் முதல் கத்தியும் வேண்டாம்.

எங்கே அடைக்கிறது என்பதை மயக்க மருந்தால் தூங்கவைத்து, மூக்கு வழியாக மெல்லிய கேமரா விட்டுப் பார்க்கலாம். டான்சில் இரண்டும் நடுவில் முட்டிக்கொள்ளும் அளவு பெரிதாக, நாக்கு சாதாரணமாக, எடை அதிகமில்லாமல் இருப்பவருக்கு அறுவை நல்ல பலன் தரும். கழுத்து கனத்து, வாயைத் திறந்தால் உள்நாக்கே தெரியாதவருக்குத் தொண்டை அறுவை மட்டும் செய்தால் ஏமாற்றம்தான். தாடை இரண்டையும் முன்னால் நகர்த்தும் அறுவை வலுவானது, ஆனால் பெரியது, தேர்ந்தெடுத்த சிலருக்கே.

மூக்குத் தண்டு வளைவு பற்றிக் கேட்பவர்கள் அதிகம். மூக்கைச் சரிசெய்தால் அப்னியா போய்விடும் என்று எண்ணாதீர்கள், பெரும்பாலும் போகாது. ஆனால் மூக்கடைப்போடு சிபேப் போடுவது கொடுமை. அந்த வகையில் மூக்குச் சிகிச்சைக்குத் தனி மதிப்பு உண்டு: மிஷினைத் தாங்க முடியும், பலருக்கு அழுத்தமும் குறையும். அறுவைக்கு முன் ஆறு வாரமாவது ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரேயும் உப்புநீர்க் கழுவலும் செய்து பாருங்கள். 240 மி.லி. நீருக்கு அரைத் தேக்கரண்டி அயோடின் சேர்க்காத உப்பு, ஒரு சிட்டிகை சமையல் சோடா. நீர் கொதித்து ஆறியதாக இருக்க வேண்டும். குழாய்நீரை நேராக மூக்கில் விடாதீர்கள், அமீபா தொற்று அரிது என்றாலும் வந்தால் உயிர் போகும்.

---

குழாய்க்காரன் (சிபேப் சர்வீஸ், கடலூர் – நெல்லிக்குப்பம் – பண்ருட்டி)

டாக்டர் சொன்ன அதே 1981லதான் சிட்னியில மருத்துவர் கொலின் சல்லிவன் சிபேப்பையும் வெளியிட்டார். காத்தழுத்தத்தால தொண்டையை உள்ளிருந்து திறந்தே வைக்கறது, அவ்வளவுதான் தத்துவம். ஆக்சிஜன் சிலிண்டர் இல்லங்க இது, ரூம் காத்துதான். இதை இன்னும் நிறைய பேர் குழப்பிக்கறாங்க.

திருப்பாப்புலியூர் தம்பி, அப்பாவுக்கு இதுதான் எழுதிக் கொடுப்பாங்க, தயாரா இருங்க. மிஷின் நல்லதா கெட்டதாங்கறதை விட, முதல் ரெண்டு வாரம்தான் முடிவு பண்ணும். கழற்றிப் போடறவங்க எல்லாரும் அங்கதான் போடறாங்க. எங்க தப்பு நடக்குதுன்னு சொல்றேன்.

அழுத்தம்: ஆட்டோ மிஷின் (அழுத்தத்தைத் தானே ஏத்தி இறக்கற ரகம்) கம்பெனியில இருந்து வரும்போது 4 முதல் 20 செ.மீ. நீரழுத்தம்னு திறந்து விட்டிருக்கும். அப்படியே குடுத்துட்டா, 4ல பெரியவங்களுக்குக் காத்தே போதாது, மூச்சு முட்டற மாதிரி இருக்கும். அடைப்பு வந்த பிறகு மிஷின் மெல்ல ஏறி வர்றதுக்குள்ள ஆள் எழுந்து உக்காந்துடுவார். ஒரு வார டேட்டா எடுத்து, ராத்திரியில 95 சதவீத நேரம் எந்த அழுத்தத்துக்குள்ள நின்னுச்சுன்னு பார்க்கணும். 11னு வந்தா கீழ் எல்லையை அதுக்குப் பக்கத்துல கொண்டு வரச் சொல்லி டாக்டர்கிட்ட கேளுங்க. நீங்களா மாத்தாதீங்க.

மாஸ்க்: காத்து கசிஞ்சா உடனே வாரை இறுக்கறாங்க. அது தப்பு. சிலிக்கான் மெத்தை காத்துல உப்பி முகத்துல ஒட்டற மாதிரி செஞ்சிருக்காங்க, இறுக்கினா மடிஞ்சு இன்னும் கசியும், மூக்குத் தண்டுல புண்ணு வேற. மிஷின் ஓடும்போதே மாஸ்க்கை முகத்துல இருந்து ஒரு விரல்கடை முன்னால இழுத்து, மறுபடி மெல்ல உக்கார வைங்க. மெத்தை சரியா விரியும். ராத்திரி முகத்துக்குத் தேங்காயெண்ணெய், கிரீம் தடவறவங்க அதை விடணும். எண்ணெய் பட்டா சிலிக்கான் வழுக்கும், சீக்கிரம் கெட்டிப்படும். காலையில துணியில சோப்புத் தண்ணி தொட்டு மெத்தையைத் துடைச்சா போதும், வாரம் ஒரு தடவை குழாய், ஈரப்பதத்துக்குத் தண்ணி ஊத்தற தொட்டி எல்லாம் மிதமான சோப்புத் தண்ணியில அலசி நிழல்ல காய வைக்கணும்.

வாய் வழியா கசிஞ்சா காலையில நாக்கு ஒட்டிக்கிட்டு வறண்டு கிடக்கும். மூக்கு அடைப்பு இருக்கான்னு முதல்ல பாருங்க, இல்லன்னா முழு முக மாஸ்க். வயித்துல காத்து ரொம்பி ஏப்பமா வந்தா அழுத்தம் கூடுதல்னு அர்த்தம், டாக்டர்கிட்ட சொல்லுங்க.

பழக்கம்: முதல் நாளே படுக்கையில ஆரம்பிக்க வேண்டாம். சாயந்திரம் டிவி பார்க்கும்போது அரை மணி நேரம் உக்காந்துட்டே போடுங்க. முகம் பழகினா பாதி வேலை முடிஞ்சுது.

---

வில்லியனூர்வாசி

தொட்டியில ஊத்த பெட்ரோல் பங்க்ல கிடைக்கற பேட்டரி தண்ணி பரவாயில்லையா? டிஸ்டில்டுன்னுதானே போட்டிருக்கு. அப்புறம் கரண்ட் போனா என்ன பண்றது?

---

குழாய்க்காரன்

பேட்டரி தண்ணி வேண்டாம். உப்பு இல்லாம இருக்கும், சரி. ஆனா மூச்சுல இழுக்கறதுக்குன்னு தயாரிச்சது இல்ல, கேன் எங்க நிரப்புனது, அதுல முன்னாடி என்ன இருந்ததுன்னு யாருக்கும் தெரியாது. மருந்துக் கடையில டிஸ்டில்டு வாட்டர் கேன் கேளுங்க. கிடைக்கலன்னா ஒரு சில நாளைக்கு ஆர்.ஓ. தண்ணியைக் கொதிக்க வச்சு ஆற வச்சு ஊத்தலாம், தினமும் கொட்டிட்டுத் தொட்டியைக் காய வைக்கணும். போர் தண்ணியை மட்டும் ஊத்தாதீங்க. கடலோரத்துத் தண்ணியில நாலே நாள்ல வெள்ளைப் படலம் கட்டும். கொதிக்க வச்சாலும் கரைஞ்ச உப்பு போகாது. படலம் கட்டிட்டா ஒரு பங்கு வெள்ளை வினிகருக்குப் பத்து பங்கு தண்ணி கலந்து ஊற வச்சு நல்லா அலசுங்க.

நம்ம ஊர்ல ஐப்பசி, கார்த்திகையில காத்துலயே ஈரம் சொட்டும். அப்போ ஈரப்பதத்தை 1, 2ல வச்சா போதும். ஏ.சி.யை 20ல போட்டுட்டு ஈரப்பதத்தை 6ல வச்சா குழாய்க்குள்ள நீர் கோத்து, நடுராத்திரி மூக்குல தண்ணி தெளிக்கும். மிஷின் ரிப்பேர்னு போன் பண்றதுல நிறைய இதுதான். மிஷினைக் கட்டில் மட்டத்துக்குக் கீழ வைங்க, குழாய்க்குத் துணி உறை போடுங்க, ஏ.சி.யை ரெண்டு டிகிரி கூட்டுங்க.

கரண்ட்: நின்னாலும் மூச்சு முட்டிச் சாகமாட்டீங்க. மாஸ்க்குல வெளிக்காத்து வர்ற வழி இருக்கு, முழு முக மாஸ்க்குல தனி வால்வே இருக்கு, எழுந்து கழற்றிடுவீங்க. இன்வெர்ட்டர்ல ஓட்டலாம், சைன் வேவ் ரகமா இருக்கணும். சதுர அலை இன்வெர்ட்டர்ல அடாப்டர் இரையும், சூடாகும். ஈரப்பத ஹீட்டரை அணைச்சுட்டா நடுத்தர அழுத்தத்துல மிஷின் சுமார் 15 வாட்தான் இழுக்கும். எட்டு மணி நேரத்துக்கு 120 வாட்-மணி, 12 வோல்ட்ல 10 ஏ.எச். (ஆம்பியர்-மணி), இழப்பு சேர்த்து 12. லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல காலி பண்ணக் கூடாது, ஆக ஒரு ராத்திரிக்கு 26 ஏ.எச். பேட்டரி தாங்கும். நேரடி டி.சி. கன்வெர்ட்டர் போட்டா இன்னும் சிக்கனம், ஆனா உங்க மிஷின் 12 வோல்ட்டா 24 வோல்ட்டான்னு அடியில இருக்கற ஸ்டிக்கரைப் பார்த்துட்டு வாங்குங்க. 2011 தானே புயலுக்கு அப்புறம் கடலூர்ல கரண்ட் எத்தனை நாள் இல்லன்னு இங்க யாருக்கும் சொல்லத் தேவையில்ல. 2024 ஃபெஞ்சலும் புதுவைப் பக்கம்தான் கரையேறுச்சு. அந்த மாதிரி நாளுக்கு ஒருக்களிச்சுப் படுக்கறதும் தலைமாடு உயர்த்தறதும் மாற்று ஏற்பாடு.

---

நெய்வேலி ஷிப்ட்

சுரங்கத்துல இரவு ஷிப்ட் பார்க்கறவங்க விஷயம் கொஞ்சம் சொல்லுங்க. காலையில 9க்குப் படுத்து 3க்கு எழுந்திருக்கறோம். மிஷின் டேட்டாவுல மூணு மணி நேரம்தான்னு காட்டுது, டாக்டர் ஒழுங்கா போடலன்னு திட்டறார்.

---

இரவுப்பணி

அது மிஷினோட கணக்கு. பெரும்பாலான சிபேப்புக்கு ஒரு "நாள்"ங்கறது மதியம் 12ல இருந்து மறுநாள் மதியம் 12 வரை. உங்க 9 முதல் 3 தூக்கம் நடுவுல வெட்டுப்பட்டு ரெண்டு நாளாப் பிரியுது. ரெண்டு பக்கமும் 3 மணி நேரம். தொடர்ந்து இரவு ஷிப்ட்னா அடுத்த நாள் துண்டு சேர்ந்து 6 ஆயிடும், ஆனா இரவு ஷிப்ட் தொடங்கற நாள்ல 3 மட்டும்தான் நிக்கும். ராத்திரிக்கு 4 மணி நேரமாவது, பத்துல ஏழு நாளாவது போட்டிருக்கணும்ங்கற வழக்கமான அளவுகோல்ல அந்த நாள் தேறாது. டாக்டர்கிட்ட விரிவான நேர வரைபடத்தைப் பார்க்கச் சொல்லுங்க, எண்ணை மட்டும் இல்ல. 4 மணி நேரம்ங்கறதும் பாஸ் மார்க்தான், தூங்கற நேரம் முழுக்கப் போடறதுக்குத்தான் முழுப் பலன். மதியக் குட்டித் தூக்கத்துக்கும் போடணும்.

டேட்டாவுல பார்க்க வேண்டியது மூணு: மிஷின் போட்ட பிறகும் மிச்சம் இருக்கற ஏ.எச்.ஐ. 5க்குக் கீழ இருக்கா, கசிவு அந்த மிஷின் சொல்ற எல்லைக்குள்ள இருக்கா (சிலதுல நிமிஷத்துக்கு 24 லிட்டர்), சென்ட்ரல் கூடுதா. மூணும் நல்லா இருந்தும் பகல்ல சொக்குதுன்னா மிஷினைக் குறை சொல்லாதீங்க. ஷிப்ட்காரர் 5 மணி நேரம்தான் தூங்கறார்னா எந்த மிஷினும் அதை 7 ஆக்காது. ஜன்னலுக்குக் கனமான திரை, போன் வெளிய.

வண்டி விஷயம் சேர்த்தே சொல்லிடறேன். சிகிச்சை சரியா அமையற வரைக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலையில ராத்திரி லாரி, பஸ் ஓட்ட வேண்டாம். சிக்னல்ல நிக்கும்போது கண் சொக்கினாலே அது எச்சரிக்கை.

---

லாஸ்பேட்டை

ஆறு வயசுப் பையன், வாயைத் திறந்துட்டே தூங்கறான், குறட்டை. குழந்தைக்கும் இந்த மிஷின்தானா?

---

தொண்டைமான்

இல்லை அம்மா. குழந்தைகளுக்கு முதல் சந்தேகம் மூக்கின் பின்னால் உள்ள அடினாய்டும் டான்சிலும். சளி பிடித்தபோது மட்டும் வரும் குறட்டையை விட்டுவிடலாம். வாரத்தில் மூன்று நாளுக்கு மேல் சளி இல்லாமலும் வந்தால் காட்டுங்கள். குழந்தைக்குப் பெரும்பாலும் பகலில் தூக்கம் வராது, மாறாகத் துறுதுறுப்பு, கவனமின்மை, கோபம். நின்றுபோன படுக்கையில் சிறுநீர் திரும்புவது, எடை ஏறாமை, கழுத்தைப் பின்னால் வளைத்துத் தூங்குவது, தலையில் மட்டும் வியர்ப்பது எல்லாம் கேட்போம். பெரியவர்களின் அளவுகோல் இங்கே செல்லாது: குழந்தைக்கு மணிக்கு ஒன்றுக்கு மேல் இருந்தாலே இயல்பல்ல. அடினாய்டு, டான்சில் அறுவைதான் முதல் சிகிச்சை, பெரும்பாலான குழந்தைகளுக்கு நல்ல பலன். லேசாக இருந்தால் சில வாரம் மூக்கு ஸ்பிரே கொடுத்துப் பார்ப்பதுண்டு. பருமனான குழந்தை என்றால் அறுவைக்குப் பிறகும் மீதம் இருக்கலாம், மறுபரிசோதனை வேண்டும். கோரிமேடு ஜிப்மரிலோ, உங்களுக்கு அருகிலுள்ள அரசு மருத்துவமனையிலோ காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டுங்கள். நீங்கள் எடுத்த வீடியோ கையில் இருந்தால் பாதிக் கேள்வி மிச்சம்.

---

வில்லியனூர்வாசி

வாய்க்கு டேப் ஒட்டற ரீல்ஸ் சக்கைப்போடு போடுது. அதையும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க. எடை குறைச்சா போயிடுமா, ஊசியும் வந்திருக்காமே?

---

இரவுப்பணி

மூக்கு அடைச்சிருக்கறவர் வாயையும் ஒட்டினா காத்துக்கு எங்க வழி? பரிசோதனை பண்ணாதவங்க செய்யவே கூடாது. தாடைப் பட்டியும் தனியா வேலைக்கு ஆகாது. மூக்கு மேல ஒட்டற பட்டை நாசித் துவாரம் குறுகினவங்களோட வெறும் குறட்டைக்குக் கொஞ்சம் உதவும், அப்னியாவுக்கு உதவாது.

எடை உண்மையிலேயே பெரிய விஷயம். 2000இல் வெளியான அமெரிக்க விஸ்கான்சின் தொடர் ஆய்வுல எடை 10 சதவீதம் குறைஞ்சவங்களுக்கு ஏ.எச்.ஐ. சுமார் 26 சதவீதம் குறைஞ்சுது, 10 சதவீதம் கூடினவங்களுக்கு 32 சதவீதம் கூடுச்சு. திருப்பாப்புலியூர் தம்பியோட அப்பா கணக்குல, எடை 10 சதவீதம் குறைஞ்சா 34ங்கறது 25 ஆகும். நல்லதுதான், ஆனா மிஷினைக் கழற்றற அளவு இல்ல. எடை குறைக்க ஆரம்பிச்சுட்டோம்னு சிகிச்சையைத் தள்ளிப் போடாதீங்க, ரெண்டும் சேர்ந்தே போகட்டும். டிர்செபடைட் ஊசியை பருமனோட நடுத்தர, தீவிர அப்னியா உள்ளவங்களுக்கு அமெரிக்காவுல 2024 டிசம்பர்ல அனுமதிச்சாங்க. இந்தியாவுல 2025 மார்ச்சுல சர்க்கரைக்கும் எடைக்கும்னு விற்பனைக்கு வந்துச்சு. டாக்டர் கையில இருக்க வேண்டிய மருந்து, வாட்சப்ல வாங்கற சரக்கு இல்ல.

சரக்குன்னதும் ஞாபகம் வருது. மது தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தும், மூளை விழிக்கறதையும் தாமதிக்கும். வெறும் குறட்டைக்காரர் அன்னிக்கு ராத்திரி அப்னியாக்காரர் ஆயிடுவார். படுக்கறதுக்கு நாலு மணி நேரம் முன்னாடியே நிறுத்திடணும். சனிக்கிழமை சாயந்திரம் புதுவை வர்றவங்க இதைக் கேட்கப் போறதில்ல, தெரியும். தூக்கம் வரலன்னு டாக்டரைக் கேட்காம அல்பிரஸோலம் போடறதும் இதே ரகம்.

நாக்கு, தொண்டைப் பயிற்சிக்கும் ஆதாரம் உண்டு. நாக்கை முழுசா மேலண்ணத்துல அழுத்திப் பிடிக்கறது, நுனியை அண்ணத்துல வச்சுப் பின்னால தள்ளறது, "ஆ"ன்னு சொல்லி உள்நாக்கைத் தூக்கறது, கன்னத்தை விரலுக்கு எதிரா உள்ளிழுக்கறது. தினம் அரை மணி நேரம், மூணு மாசம். லேசு, நடுத்தரத்துக்குத் துணை. 34க்கு இதை மட்டும் நம்ப முடியாது.

---

பல்லவன்

ஒரு திருத்தம் அல்ல, சேர்க்கை. எல்லாத் தீவிர நோயாளிக்கும் ஆட்டோ மிஷின் என்று நாமே முடிவு செய்து இணையத்தில் வாங்குவதும் ஆபத்துதான். ரொம்பப் பருமனானவர்களுக்குப் பகலிலேயே கரியமிலவாயு தேங்கியிருக்கலாம், ரத்தத்தில் பைகார்பனேட் 27ஐத் தொட்டால் அதைத் தேட வேண்டும். சிலருக்கு பைபேப் (மூச்சை இழுக்கும்போது ஒன்று, விடும்போது ஒன்று என இரண்டு அழுத்தம் தரும் மிஷின்) தேவைப்படும். இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேற்றும் ரத்தத்தின் பங்கு 45 சதவீதமோ அதற்குக் கீழோ உள்ள, சென்ட்ரல் அப்னியா மேலோங்கியவர்களுக்கு மூச்சுக்கு மூச்சு அழுத்தத்தை மாற்றும் ஏ.எஸ்.வி. எனும் மிஷின் தீங்கு செய்தது 2015இல் வெளியான பெரிய ஆய்வில் தெரிந்தது. சளைக்காமல் ஒரு நுரையீரல் மருத்துவரிடம் ரிப்போர்ட்டைக் காட்டுங்கள்.

---

திருப்பாப்புலியூர்

எல்லாருக்கும் நன்றி. வியாழக்கிழமை டாக்டரைப் பார்க்கறோம். தெரிஞ்சவர் ஒருத்தர் பழைய மிஷின் பாதி விலைக்குத் தர்றேங்கறார். அப்பாவுக்குப் பெரிய மீசை, எடுக்க மாட்டார். எந்த மாஸ்க்?

---

குழாய்க்காரன்

மீசைக்கு மூக்குத் துவாரத்துல மட்டும் உக்கார்ற பில்லோ மாஸ்க். முழு முக மாஸ்க்கா இருந்தா மீசை வழியா கசியும். ஆனா அப்பா வாய்வழி மூச்சுக்காரரா, மூக்கு ஒழுங்கா இருக்கான்னு வியாழக்கிழமை கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. கடையில உக்காந்துட்டு மாட்டிப் பார்த்தா தெரியாது. படுக்க வச்சு, மிஷினை 10, 12 அழுத்தத்துல ஓட விட்டு, ரெண்டு பக்கமும் புரளச் சொல்லிப் பாருங்க. படுத்ததும் கன்னச் சதை சரியும், அளவு மாறும்.

பழைய மிஷின்: மோட்டார் ஓடின மணி நேரத்தை மெனுவுல பாருங்க. காத்து உள்ள போற இடத்துல ஃபில்டரை எடுத்துட்டு டார்ச் அடிச்சா உப்பு, ஒட்டடை, கரப்பான் முட்டை எல்லாம் தெரியும். சிகரெட் நாத்தம் இருந்தா வாங்காதீங்க, போகவே போகாது. 2021 ஜூன்ல பிலிப்ஸ் சில மாடல்களை உள்ளே இருக்கற சத்தமடக்கற ஃபோம் உதிருதுன்னு திரும்பப் பெற்றுச்சு, அந்த வரிசை எண்ணான்னு சரி பாருங்க. ஓசோன் வாயுவால சுத்தம் பண்ற கிளீனர் போட்டிருந்தா அந்த ஃபோம் இன்னும் சீக்கிரம் உதிரும். மாஸ்க்கும் குழாயும் தொட்டியும் ஃபில்டரும் புதுசாத்தான் வாங்கணும், அந்தச் செலவையும் கூட்டிப் பார்த்துட்டு "பாதி விலை"ன்னு சொல்லுங்க.

---

தொண்டைமான்

வியாழக்கிழமை மருத்துவரிடம் இதையும் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்: அப்பாவுக்குக் கண்புரையோ குடலிறக்கமோ எந்த அறுவை வந்தாலும், மயக்க மருத்துவரிடம் அப்னியா இருப்பதை முதலில் சொல்ல வேண்டும், மிஷினை மருத்துவமனைக்குக் கையோடு கொண்டுபோக வேண்டும். மயக்கம் தெளியும் நேரத்திலும், வலிமருந்து கொடுத்த முதல் இரவிலும்தான் தொண்டை அதிகம் அடைக்கும்.

---

திருப்பாப்புலியூர்

அடுத்த மாசம் புரை ஆபரேஷன் இருக்கு டாக்டர். சொல்லிடறோம்.